கரண்ட் பில்லோடு டிவிக்கும் பதினைந்து ரூபாயா?

திருச்சி மன்னார்புரம் ரவுண்டானா இரைச்சலை விட்டு நாலு தெரு உள்ளே தள்ளி எங்கள் வீடு. பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் ஒரு சின்னத் தட்டு தென்கிழக்கைப் பார்த்து, கிட்டத்தட்ட மல்லாந்த வாக்கில் கிடக்கிறது. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ். அந்த வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உறவு எதுவும் கிடையாது, தெரு வழக்கத்தில் எனக்கு மாமா.

"மாசம் ஒத்த ரூபா கிடையாது தம்பி. டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கினதோட சரி. கேபிள்காரன் வந்து நிக்கிற தொல்லையும் இல்ல" என்று பெருமையாகச் சொல்வார்.

"அப்ப அதுக்கு யாரு மாமா காசு குடுக்குறா?"

"கவர்மென்ட்டுதான்."

"கவர்மென்ட்டுக்கு?"

சிரித்துவிட்டு, மேசை மேல் கிடந்த பிஸ்கட் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினார். ஜிஎஸ்டி கட்டித்தானே வாங்குகிறோம் என்று அர்த்தம்.

பாதி விடை அதில் வந்துவிட்டது. மீதிப் பாதி கொஞ்சம் சுற்றி வளைத்துப் போகிறது.

தூர்தர்ஷனையும் ஆகாசவாணியையும் நடத்துவது பிரசார் பாரதி என்ற அமைப்பு. 1990இல் சட்டம் போட்டு, ஏழு ஆண்டு கிடப்பில் வைத்திருந்து, 1997இல் நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள். அதற்குப் பணம் மூன்று வழியில் வருகிறது. முதல் வழி, மத்திய அரசின் பட்ஜெட் மானியம். இப்போதெல்லாம் ஆண்டுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல். அதில் பெரும்பகுதி சம்பளத்துக்கே சரியாகிவிடுகிறது. 2007 அக்டோபர் 5ஆம் தேதிக்கு முன் வேலையில் சேர்ந்தவர்களின் சம்பளத்தை அரசே ஏற்றுக்கொள்வது என்று முடிவாகி, அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. கோபுரம், கேமரா, டிரான்ஸ்மிட்டர் போன்ற கட்டுமானச் செலவுக்குத் தனித் திட்டங்கள் உண்டு. 2023 ஜனவரியில் அப்படி ஒரு திட்டத்துக்கு 2,539.61 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். எல்லையோர, மலைவாழ் பகுதிகளில் எட்டு லட்சம் ஃப்ரீ டிஷ் பெட்டிகளை இலவசமாகக் கொடுப்பதும் அதில் அடக்கம்.

இரண்டாவது வழி விளம்பரம். மூன்றாவதுதான் மாமா வீட்டு மாடியில் இருக்கிறது.

ஃப்ரீ டிஷ் 2004 டிசம்பரில் வந்தது. இன்று நாலு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். இவ்வளவு வீடுகள் ஒரே இடத்தில் கிடைக்கும்போது தனியார் சேனல்கள் சும்மா இருக்குமா? அந்த வரிசையில் ஓர் இடம் கிடைக்க ஏலம் கேட்கின்றன. இந்தி சினிமா, இந்திச் செய்தி, போஜ்புரி சேனல்கள்தான் அதிகம். அந்த ஏல வருமானம் ஆயிரம் கோடியைத் தொட்ட ஆண்டும் உண்டு. அதாவது, நம் வரிப்பணத்தில் கட்டிய வீட்டை அடுத்தவருக்கு வாடகைக்கு விட்டு, தூர்தர்ஷன் திண்ணையில் குடியிருக்கிறது. வாடகை வருவது நல்லதுதான். ஆனால் குடித்தனக்காரர் யார் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், வீட்டுக்காரர் சமைக்க மறந்துவிடுவார். பிரசார் பாரதியை ஆராய்ந்து 2014இல் அறிக்கை கொடுத்த சாம் பிட்ரோடா குழுவும் இந்த இடத்தில்தான் கை வைத்தது. செலவில் நிகழ்ச்சிகளுக்குப் போவது மிகச் சிறு பங்கு, ஆளுக்கும் இயந்திரத்துக்கும் போவதே அதிகம் என்றது.

கேட்பவரே நேராகக் காசு கட்டிய ஒரு காலமும் இருந்தது. என் தாத்தாவின் தகரப் பெட்டியில், நிலப் பத்திரங்களுக்கு அடியில், உள்ளங்கை அளவில் ஒரு புத்தகம் கிடந்தது. ரேடியோ லைசென்ஸ். ஒவ்வொரு பக்கத்திலும் தபால்தலை மாதிரி ஒரு வில்லை, அதன் மேல் தபால் ஆபீஸ் முத்திரை. முத்திரையின் வட்டத்துக்குள் தேதி பாதி அழிந்திருக்கும். 1970களில் ரேடியோவுக்கு வருஷம் 15 ரூபாய், டிவி வந்த பிறகு அதற்கு 50 ரூபாய். வருஷா வருஷம் தபால் ஆபீஸ் வரிசையில் நின்று புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காமல் பாட்டுக் கேட்டால் குற்றம். லைசென்ஸ் பார்க்க ஆள் வருகிறார் என்று தெருமுனையில் செய்தி கிளம்பினால், ரேடியோ பெட்டி அரிசிக் குதிருக்குப் பின்னால் போய்விடும் என்று பாட்டி சொல்வாள். "சத்தம் மட்டும் அடுப்படியில கேட்கும்."

அந்தப் பெட்டியில் தாத்தா அதிகம் கேட்டது திருச்சி நிலையம். 1939 மே 16ஆம் தேதி தொடங்கியது அது. சென்னை நிலையத்துக்கு ஒரு வயது இளையது. திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை நடக்கும்போது பஞ்சரத்ன கீர்த்தனைகளை நேரடியாகக் கொண்டுவந்து கொடுக்கும். எந்த விளம்பரக்காரர் மனம் கோணுவார் என்ற கவலை இல்லாமல், முழுக்க முழுக்க. பொது ஒலிபரப்பு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் விளக்கவே மாட்டேன், அந்த ஒரு காலைப் பொழுதைச் சொல்லிவிடுவேன்.

லைசென்ஸ் முறையை 1980களின் நடுவில் எடுத்துவிட்டார்கள். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். டிரான்சிஸ்டர் மலிந்து, டீக்கடை, சலூன், வயல்வரப்பு என்று போய்விட்ட பிறகு 15 ரூபாய்க்கு யாரைத் துரத்துவது? வசூலிக்கிற செலவு கடிக்க ஆரம்பித்தது. கூலித் தொழிலாளியும் ரைஸ்மில் முதலாளியும் ஒரே தொகை கட்டுவது நியாயமா என்ற கேள்வியும் இருந்தது. இன்னொரு பக்கம், விளம்பரப் பணம் கொட்டத் தொடங்கியிருந்தது. தூர்தர்ஷன் 1976இல்தான் விளம்பரத்துக்குக் கதவைத் திறந்தது. 1982இல் கலர் வந்தது. 1984 ஜூலையில் 'ஹம் லோக்' தொடர், கூடவே அதன் விளம்பரதாரரான மேகி நூடுல்ஸ் வந்தன. 1987இல் 'ராமாயணம்'. ஞாயிற்றுக்கிழமை காலை இந்தியாவே அடங்கிக் கிடந்த நேரத்தில், அதற்கு முன்னும் பின்னும் சோப்பும் பற்பசையும் விற்பவர்கள் வரிசையில் நின்றார்கள். இந்த வசதி இருக்கும்போது தபால் ஆபீஸில் 15 ரூபாய் எதற்கு?

ஆனால் அந்த வசதிக்கு ஆயுள் குறைவு. அது தூர்தர்ஷனின் திறமையால் வந்த பணம் இல்லை, வேறு கடையே இல்லாததால் வந்த பணம். 1993 தமிழ்ப் புத்தாண்டில் சன் டிவி வந்ததும் தமிழ்நாட்டில் அந்தக் கணக்கு முடிந்துபோனது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்க அடுத்த வீட்டு வாசலில் செருப்பு குவிந்த காலத்தைப் பற்றி இன்று நாம் உருகிப் பேசுகிறோம். வேறு வழி இல்லாமல்தான் குவிந்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

லைசென்ஸ் புத்தகத்தோடு இன்னொன்றும் போயிற்று: ரசீது. தாத்தா கட்டிய 15 ரூபாய் நேரே திருச்சி நிலையத்துக்குப் போகவில்லை. தபால் துறை வசூலித்தது, அரசு எடுத்துக்கொண்டது, எவ்வளவு திருப்பிக் கொடுப்பது என்பதை அரசுதான் தீர்மானித்தது. இருந்தாலும் கையில் ஒரு புத்தகம் இருந்தது. "நான் காசு கட்டுறேன், என்னய்யா பாட்டுப் போடுறீங்க" என்று ஒரு கார்டு எழுதிப் போட அந்தப் புத்தகம் போதும். மாமாவின் பிஸ்கட் பாக்கெட்டுக்கு அந்தத் தெம்பு கிடையாது.

பணம் எந்த வழியில் வருகிறது என்பதில் இவ்வளவு அக்கறை ஏன் என்று தோன்றலாம். சம்பளம் கொடுப்பவரைப் பார்த்துத்தான் எவரும் பேசுவார்கள் என்பதால். விளம்பரத்தை நம்பினால், உர விலையும் நெல் நோயும் பேசுகிற 'வயலும் வாழ்வும்' நல்ல நேரத்தை விட்டு ஓரத்துக்குப் போகும். அரசை நம்பினால், செய்தி அமைச்சரைப் பார்த்துக் கும்பிடு போடும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று, நெருக்கடி நிலைக் காலத்தில் திறக்கப்பட்டது. 1984இல், தேர்தலுக்கு முந்தைய மாதங்களில், நாளுக்கு ஒன்று என்ற வேகத்தில் நாடெங்கும் ஒளிபரப்புக் கோபுரங்கள் முளைத்தன. 2014 விஜயதசமி அன்று ஆர்எஸ்எஸ் தலைவரின் உரையை தூர்தர்ஷன் நேரலையாகக் காட்டியது. 2017 சுதந்திர தினத்தில் திரிபுரா முதல்வர் மாணிக் சர்க்காரின் உரையை மாற்றாமல் ஒளிபரப்ப மறுத்தது. டெல்லியில் ஆட்சி மாறினால் பிடி மாறும், பிடிக்கிற பழக்கம் மாறுவதில்லை.

நேரடியாக மிரட்டவும் வேண்டாம், பணத்தை நாலு நாள் தாமதித்தால் போதும். 2018இல் அது வெளிச்சத்துக்கே வந்தது. ஊழியர் சம்பளத்துக்கான பணத்தை அமைச்சகம் நிறுத்தி வைத்திருக்கிறது என்று அப்போதைய பிரசார் பாரதி தலைவர் ஏ. சூர்யபிரகாஷ் வெளிப்படையாகச் சொன்னார். அமைச்சகம் மறுத்தது. மானியம் பெற வேண்டுமானால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அது நடக்கவில்லை என்றது. யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். தன்னாட்சி அமைப்பின் தலைவர் சம்பளத்துக்காக அமைச்சகத்தோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கிறது என்றால், அந்தத் தன்னாட்சிக்கு என்ன பொருள்?

வெளியே எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்க்கலாம். எல்லோருக்கும் தெரிந்தது பிபிசி. டிவி இருக்கிற வீடு லைசென்ஸ் கட்ட வேண்டும். 2025 ஏப்ரலில் அது ஆண்டுக்கு 174 பவுண்டு 50 பென்ஸ் ஆனது. நம் காசில் ஏறக்குறைய இருபதாயிரம் ரூபாய். தாத்தாவின் புத்தகத்துக்கு அண்ணன் முறை. இப்போது அங்கேயும் சிக்கல்தான். இளைஞர்கள் டிவியே வைத்துக்கொள்வதில்லை. பிபிசியின் அரச சாசனம் 2027 இறுதியில் முடிகிறது, அதற்குள் புது வழி கண்டாக வேண்டும்.

அமெரிக்காவில் லைசென்ஸ் கிடையாது. பார்வையாளர் நன்கொடையும் அரசின் சிறு உதவியும் சேர்ந்து பொதுத் தொலைக்காட்சியை நடத்தின. உதவியைப் பிரித்துக் கொடுக்க 1967இல் சட்டம் போட்டு ஒரு பொது நிறுவனம் வைத்தார்கள். 2025 ஜூலையில் அந்நாட்டு நாடாளுமன்றம், ஏற்கெனவே ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அடுத்த மாதமே அந்த நிறுவனம் கடையைக் கட்டுவதாக அறிவித்தது. பெரிய நகரத்து நிலையங்கள் நன்கொடையில் பிழைத்துக்கொள்ளும். அடி வாங்குவது பணக்காரர் இல்லாத சிற்றூர் நிலையங்கள்தான்.

எனக்குச் சுவாரசியமாகப் படுவது மூன்றாவது வழி. அதற்கும் மன்னார்புரத்துக்கும் ஒரு பொருத்தம் உண்டு. எங்கள் பக்கம் மன்னார்புரம் என்றாலே ஈ.பி. ஆபீஸ். இத்தாலியில் டிவி கட்டணத்தை 2016 முதல் கரண்ட் பில்லோடு சேர்த்துவிட்டார்கள். அதுவரை கட்டாமல் டிமிக்கி கொடுத்தவர்கள் மிக அதிகம். பில்லில் சேர்ந்ததும் டிமிக்கி ஏறத்தாழ மறைந்தது, அதனால் தலைக்குக் கட்ட வேண்டிய தொகையையே குறைக்க முடிந்தது. தென் கொரியாவில் 1994 முதல் மாதம் 2,500 வோன் மின் கட்டணத்தோடு போகிறது. பக்கத்து பாகிஸ்தானில்கூட அரசுத் தொலைக்காட்சியான பிடிவிக்கு மாதம் 35 ரூபாய் கரண்ட் பில்லில்தான் பல ஆண்டுகள் வசூலானது.

நம் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மானியம் 2,800 கோடி என்று வையுங்கள். நாட்டில் சுமார் முப்பது கோடி வீடுகள். வகுத்தால் வீட்டுக்கு வருஷம் 93 ரூபாய் சொச்சம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள் இல்லையா, அந்தக் கணக்கில் ஒரு பில்லுக்கு 15 ரூபாய்க்குச் சற்று மேல். தாத்தா வருஷம் முழுக்கக் கட்டிய அதே 15. பிபிசி வீட்டுக்காரர் கட்டுகிற இருபதாயிரத்தின் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தால், நம் தூர்தர்ஷனைத் திட்டும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளத் தோன்றும்.

கரண்ட் பில் வழி மந்திரக்கோல் அல்ல. கொரியாவில் 2023இல் அன்றைய அதிபரின் அரசு ஒரே ஆணையில் டிவி கட்டணத்தை மின் கட்டணத்திலிருந்து பிரித்துவிட்டது. தனியாகக் கட்டச் சொன்னால் எத்தனை பேர் கட்டுவார்கள்? அந்த ஊர்ப் பொதுத் தொலைக்காட்சி ஆடிப்போனது. 2025இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு மறுபடி சேர்க்க வேண்டியிருந்தது. கிரேக்கத்திலும் கட்டணம் மின்சாரத்தோடுதான் வசூலானது, ஆனாலும் 2013 ஜூனில் அரசு ஒரே இரவில் பொதுத் தொலைக்காட்சியை இழுத்து மூடியது. குழாய் எதுவானாலும் வால்வு அமைச்சர் கையில் இருந்தால் தண்ணீர் அவர் சொன்னபடிதான் வரும்.

வால்வை யார் கையில் கொடுப்பது என்பதற்கு உருப்படியான பதில் சொன்னவர்கள் ஜெர்மானியர்கள். ஹிட்லர் ரேடியோவை வைத்து என்ன செய்தார் என்பதைக் கண்ணால் கண்டவர்கள், அதனால் ஜாக்கிரதை அதிகம். 2013 முதல் அங்கே டிவி இருக்கிறதா, ரேடியோ இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதில்லை. வீடு இருந்தால் கட்டணம். மாதம் 18 யூரோ 36 சென்ட். ஏழைகளுக்கு விலக்கு உண்டு. இந்தத் தொகையை நிர்ணயிக்கும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. நிலையங்கள் தங்கள் தேவையை எழுதிக் கொடுக்கும். நிபுணர்களைக் கொண்ட ஒரு தனி ஆணையம் அந்தக் கணக்கைத் துருவி, வெட்ட வேண்டியதை வெட்டி, இவ்வளவு போதும் என்று சொல்லும். மாநிலங்கள் எல்லாம் அதை ஏற்றுச் சட்டமாக்க வேண்டும். சாக்சனி-அன்ஹால்ட் என்ற மாநிலம் ஒருமுறை முடியாது என்று முரண்டு பிடித்தது. உயர்வு வெறும் 86 சென்ட்தான். 2021 ஆகஸ்டில் அரசமைப்பு நீதிமன்றம், மாநிலம் தடுத்தது தவறு என்று சொல்லி, உயர்த்திய தொகையைத் தானே அமல்படுத்தியது. போதிய பணம் கிடைப்பது கருத்துச் சுதந்திரத்தோடு சேர்ந்தது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இது நமக்கு அந்நியம் என்று நினைக்க வேண்டாம். மத்திய வரியில் தமிழ்நாட்டுக்கு எத்தனை சதவீதம் என்பதை ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிதிக் குழு சொல்கிறதே, ஏறக்குறைய அதே யோசனைதான். அந்தப் பங்கு போதவில்லை என்று தமிழ்நாடு சண்டை போடுகிறது, போடவும் வேண்டும். ஆனால் மாநிலத்தின் பங்கை அமைச்சர் ஒருவர் மாதா மாதம் மனம் போனபடி கூட்டிக் குறைப்பதை விட இது ஆயிரம் மடங்கு மேல். பிரசார் பாரதி சட்டத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. அதன் தலைவரை அமைச்சர் நியமிக்க முடியாது. மாநிலங்களவைத் தலைவர், பிரஸ் கவுன்சில் தலைவர், குடியரசுத் தலைவர் நியமிக்கும் ஒருவர் என்று மூவர் குழுதான் பரிந்துரைக்கும். ஆளுக்கு இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் காசுக்குச் செய்யாமல் விட்டுவிட்டார்கள். அங்கேதான் ஓட்டை.

என் கருத்தைக் கேட்டால், தனிக் கட்டணம் வேண்டாம். ஏற்கெனவே வரி கட்டுகிறோம், இன்னொரு பில் வந்தால் மக்கள் ஏற்க மாட்டார்கள். தரமும் இப்போதைக்கு அதற்குத் தகுதியாக இல்லை. ஐந்தாண்டுக்கான தொகையை ஒரு சுதந்திர ஆணையம் முன்கூட்டியே சொல்லட்டும், அதை நாடாளுமன்றம் ஒரேயடியாக ஒதுக்கட்டும், நடுவில் அமைச்சகம் தொடக் கூடாது. அதில் இத்தனை பங்கு நிகழ்ச்சிக்கு, இத்தனை பங்கு மாநில மொழிகளுக்கு என்று கட்டிவைக்க வேண்டும். ஃப்ரீ டிஷ் வாடகை அதற்கு மேல் வரும் போனஸாக இருக்கட்டும்.

மாநில மொழி என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பொதிகை என்ற அழகான பெயரை 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று மாற்றினார்கள். பெயர்ப் பலகைக்குச் செலவழித்ததில் எனக்குச் சண்டை இல்லை, திருச்சியிலோ நெல்லையிலோ ஒரு நல்ல நிகழ்ச்சி எடுக்க எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதில்தான் சண்டை. மாநில அரசே பொதுத் தொலைக்காட்சி நடத்தட்டுமே என்றால் அதற்கும் முட்டுக்கட்டை. தமிழ்நாடு 2011இல் அரசு கேபிளை மாதம் 70 ரூபாய்க்குக் கொடுத்தது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. அடுத்த வருஷமே கொரோனா வந்து பள்ளிகள் மூடியபோது, செல்போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பாடம் நடத்தியது. 2022 அக்டோபரில் மத்திய அமைச்சகம், அரசுகள் நேரடியாக ஒளிபரப்புத் தொழிலில் இருக்கக் கூடாது, இருப்பவை பிரசார் பாரதி வழியாக வர வேண்டும் என்று அறிவுறுத்தல் அனுப்பியது. அரசுகள் ஊடகத்தை வைத்துக்கொள்வது ஆபத்து என்ற வாதம் சரியே. அது மாநிலங்களுக்கு மட்டும்தான் ஆபத்தா என்பதுதான் கேள்வி. வான் அலைகள் பொதுச் சொத்து, அரசின் தனிச் சொத்து அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் சொன்னதை டெல்லியும் ஒருமுறை எடுத்துப் படிக்கலாம்.

இதையெல்லாம் மாமாவிடம் ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். தனிக் கட்டணம் வேண்டாம் என்பதை மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"பதினஞ்சு ரூபாதானே தம்பி, கரண்ட் பில்லுல போட்டுரலாம். கைக்குச் சீட்டு வந்தாத்தான் கேள்வி கேக்க முடியும். நீ சொல்ற ஆணையத்துக்கிட்ட நான் எங்க போய் கேக்குறது?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்த நேரம் பார்த்து ரீடிங் எடுக்கிறவர் வந்தார். மீட்டர் பெட்டிக் கதவைத் திறந்து, எண்ணைப் பார்த்து, ஆணியில் தொங்கிய வெள்ளை அட்டையை எடுத்து எழுதிவிட்டுப் போனார். மாமா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். வீட்டில் இரண்டே பேர், ஏசி கிடையாது. 96 யூனிட். நூறு யூனிட் வரை இலவசம் என்பதால் தொகைக் கட்டத்தில் பூஜ்யம்.

"இதுல எங்க மாமா பதினஞ்சு ரூபாயச் சேக்குறது?" என்றேன்.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எழுந்து போய் டிவியைப் போட்டார்.